மாதிரி எண் 417, இட்லி மாவு

என் கையெழுத்தை நான் வாட்ஸ்அப்பில் பார்த்தது ஜூன் இரண்டாம் தேதி, மாலை ஆறே கால் மணிக்கு. அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை, இரண்டாவது மாடி. கட்டிலில் என் அக்கா மைதிலி டைபாய்டில் படுத்திருந்தாள். காய்ச்சலுக்கு அன்று பதினான்காம் நாள். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால், "யாருன்னு பாருடி" என்று போனை என் பக்கம் தள்ளினாள்.

கள்ளிக்குப்பத்தில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழு அது. சங்கச் செயலாளர் லட்சுமணன் ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருந்தார். லட்சுமணன் அக்காவின் கணவர், எனக்கு மாமா. கீழே அவர் எழுதியிருந்தது: "நம் மாவில் எந்தக் கிருமியும் இல்லை. லேப் ரிப்போர்ட் இணைத்துள்ளேன். நாளை முதல் சாமுண்டீஸ்வரி அம்மா மாவு வழக்கம்போல் வரும். வதந்தி பரப்ப வேண்டாம்." அதற்கு முப்பத்திரண்டு கைகூப்பு.

திறந்தேன். மாதிரி எண் 417. இட்லி மாவு. டைபாய்டு வகைக் கிருமி, பி.சி.ஆர். முறையில்: கண்டறியப்படவில்லை. பரிசோதித்தவர் சுரேகா. அந்த சுரேகா நான்தான்.

மண்ணூர்பேட்டையில் உணவும் தண்ணீரும் சோதிக்கும் ஒரு சின்ன லேபில் எனக்கு ஏழு வருட வேலை. எங்கள் மேசைக்கு வரும் டப்பாவில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அது நல்ல ஏற்பாடு. 417 யார் வீட்டு மாவு என்று எனக்குத் தெரியாமல் போனதில் தப்பில்லை. தப்பு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை நடந்தது.

அதற்கு முந்தின நாள் அந்த டப்பாவைத் திறந்தபோதே மூடி 'புஸ்' என்றது. நன்றாகப் பொங்கிய மாவு. புளித்த மாவில் ஒரு சொட்டுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். யாருக்கும் கெடுதல் செய்யாதவை. மாவைப் புளிக்கவைத்து இட்லியைப் பூப்போல ஆக்குபவை அவைதான். ஆனால் சோதனைக்கு அவை பெரிய இடைஞ்சல். கெட்ட கிருமி பத்தோ இருபதோதான் இருக்கும் என்பதால் மாவை ஒரு சத்து நீரில் விட்டு ஒரு நாள் வளர்ப்போம், பத்து பத்தாயிரம் ஆகட்டும் என்று. புளித்த மாவை விட்டால் கூட்டமாக வந்தவைதான் சத்தை எல்லாம் தின்று, நீரையும் புளிக்கவைக்கும். கெட்டது வளரவே இடமிருக்காது. பிறகு கொரோனா காலத்தில் எல்லோருக்கும் செய்தார்களே, அதே பி.சி.ஆர். இயந்திரத்தில் வைத்துக் கிருமியின் மரபணுவைத் தேடுவோம். குழாய் முழுக்க அரிசி, உளுந்து, புளிப்புப் பாக்டீரியா இவற்றின் மரபணு. சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்ற வேலை. பதில் வரவில்லை என்றால் அவர் அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது தெரிந்துதான் ஒவ்வொரு குழாயிலும் எங்களுக்குத் தெரிந்த ஒரு மரபணுத் துண்டை நாங்களே போட்டுவைப்போம். அதன் பெயர் கன்ட்ரோல். இயந்திரம் சுற்றுக்குச் சுற்று மரபணுவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும்; சோதனை ஒழுங்காக நடந்தால் அது இருபத்தெட்டாம் சுற்றில் ஒளிர வேண்டும். 417இல் முப்பத்தைந்தாம் சுற்றில்தான் ஒளிர்ந்தது. நாங்களே போட்டதையே இயந்திரத்தால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அப்படியிருக்க, மாவோடு வந்ததை எப்படிப் பார்த்திருக்கும்?

மேலாளர் அரவிந்தனிடம் போய்ச் சொன்னேன்.

"சார், 417 கன்ட்ரோல் லேட். நீர்க்கப் பண்ணி மறுபடி ஓட்டணும். புளிச்ச மாவு சார், கூட்டம் ஜாஸ்தி."

"கன்ட்ரோல் வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சு. ஆனா முப்பத்தஞ்சுல."

"திருவள்ளூர் லோக்கல் ஏழு நிமிஷம் லேட்டா வந்தா ரயிலே வரலைன்னு எழுதுவீங்களா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "நாப்பது சாம்பிள் காத்துட்டிருக்கு. போடுங்கம்மா கையெழுத்த."

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

அந்த ஜூன் இரண்டாம் தேதியே, ஆறரை மணிக்கு, மாமா இளநீரோடு வார்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பாத்தியா சுரேகா? உங்க லேப்லதான் குடுத்தோம். உன் கையெழுத்தப் பாத்ததும் எனக்கே ஒரு தெம்பு."

"அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க மாமா. சோதனை சரியா நடக்கல."

"நீதானே செஞ்ச?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன். ஏழு பேருக்கு டைபாய்டு, ஏழு பேரும் அந்த மாவு வாங்கறவங்க."

"நூத்திருபது வீடும் அதைத்தான் வாங்குது. நானும் தின்னேன், பசங்களும் தின்னாங்க. எங்களுக்கு ஏன் வரல? லேடீஸுக்கு மட்டும் வருது. ஏன்? சாயங்காலமானா கேட்டுக்கு வெளியே பானிபூரி வண்டியச் சுத்தி யாரு நிக்கிறா?"

"நான் பானிபூரி தின்னு ரெண்டு வருஷம் ஆவுது" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"காய்ச்சல்ல உனக்கு ஞாபகம் இருக்காது. பேசாம படு."

"அப்போ நாலாவது மாடி எத்திராஜ் சாரு?" என்றேன். "அவரும் லேடீஸா?"

"அவரும் தினம் சமையக்கட்டுலதானே நிக்கிறாரு, அவரையும் சேத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அந்த இளநீரை அவர் தலையில் ஊற்ற வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருந்தது. எத்திராஜ் மனைவியை இழந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். காய்ச்சல் வந்த ஏழு பேரும் அந்தந்த வீட்டில் அடுப்படியில் நிற்பவர்கள். இட்லியில் கிருமி பிழைக்காது, ஆவி கொன்றுவிடும். அப்படியானால் வேகாத மாவு இவர்கள் வாய்க்கு எப்படிப் போயிற்று?

மாமா போன பிறகு அக்காவிடம் கேட்டேன். "பச்சை மாவச் சாப்புட்டியா?"

"சீ, யாராவது பச்சை மாவு திம்பாங்களா?"

"மாவு வந்ததும் என்ன பண்ணுவ, ஒண்ணொண்ணா சொல்லு."

"என்ன பண்ணுவேன்? அந்தம்மா உப்பு போடாது. பாத்திரத்துல கொட்டி, உப்பு போட்டுக் கலக்குவேன். கொஞ்சம் நாக்குல வச்சுப் பாப்பேன். அப்புறம் ஊத்துவேன்."

சொல்லிவிட்டு அவளே கண்ணைத் திறந்தாள்.

மறுநாள் காலை மற்ற ஆறு வீட்டுக்கும் போன் செய்தேன். ஒரே வரிசையில் நான்கே கேள்வி: எந்தத் தேதி மாவு வாங்கினீர்கள், எந்தத் தேதி காய்ச்சல், வெளியே என்ன சாப்பிட்டீர்கள், மாவில் உப்புப் பார்ப்பீர்களா. நான்காவது கேள்விக்கு ஆறு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். எத்திராஜ் மட்டும் இன்னும் ஒரு வரி சேர்த்தார்: "பாக்காம எப்படிம்மா ஊத்தறது?"

அக்காவின் போனிலிருந்தே குழுவில் எழுதினேன்: "மாவு வாங்க வேண்டாம். வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சோதனையில் குறை இருக்கிறது. காரணம் சொல்கிறேன்." பத்து நிமிடத்தில் மாமா அதை அழித்தார். பிறகு எனக்குப் போன்.

"சங்கத்துல என் மானத்த வாங்காத. அந்தம்மாவக் கொண்டுவந்து விட்டவன் நான். உங்க லேப்ல தப்புன்னா உங்க லேப்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

எழுதினேன். ஜூன் மூன்றாம் தேதி அரவிந்தனுக்கு முதல் கடிதம்: 417க்கு நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற அனுமதி வேண்டும், காரணங்கள் இவை. பதில் இல்லை. ஆறாம் தேதி இரண்டாம் கடிதம். அன்று கூப்பிட்டார்.

"என்னம்மா, பக்கத்து சீட்ல இருந்துகிட்டு லெட்டர் போடறீங்க? அடுத்த வாரம் ஆடிட். இப்ப ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கினா என்ன கேப்பாங்க தெரியுமா? புது சாம்பிள் வந்தா பாக்கலாம். சாம்பிள் இல்லாம நான் என்ன பண்ண?"

சாம்பிள் வேண்டும், அவ்வளவுதானே. ஒன்பதாம் தேதி அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு சாமுண்டீஸ்வரியின் கொட்டகைக்குப் போனேன். குடியிருப்பின் பின் தெருதான். தகரக் கூரை, மூன்று பெரிய கிரைண்டர், நீல நிற ட்ரம்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை கையை ட்ரம்முக்குள் விட்டு அரிசி மாவையும் உளுந்து மாவையும் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வோணும்? மாவு ஆறு மணிக்குத்தான்."

லேபிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அதான் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே! ஒரு வாரம் என் பொழப்புல மண்ணு. எங்க கழனிலயே ஊடு கட்டிகினு எங்களயே விரட்டப் பாக்கறானுங்க."

"போன தடவை குடுத்த மாவு, எப்ப அரைச்சது?"

"கடைய நிறுத்தறதுக்கு மொத நாள் அரச்சது. ராத்திரி பூரா வச்சு, காலைல தளதளன்னு பொங்கனப்புறம் ஒரு கரண்டி எடுத்துக் குடுத்தேன். ஏன், நல்லால்லயா?"

"புதுசா அரைச்சதக் குடுத்திருக்கலாமே அக்கா?"

"புளிக்காத மாவ எவனாச்சும் சோதனைக்குக் குடுப்பானா? பாக்கறவன் இன்னா நெனப்பான், இவ மாவு எழும்பாதுன்னு சொல்ல மாட்டான்?"

இதைவிட நேர்மையாக ஒருவர் சோதனையைக் கெடுக்க முடியாது. வாடிக்கையாளருக்கு ஆறு மணிக்குப் போவது அப்போது அரைத்த மாவு. உப்புப் பார்ப்பதும் அதில்தான். எங்களுக்கு வந்ததோ இரவெல்லாம் கோடி கோடியாகப் பெருகிய மாவு.

"கரண்டியில கலக்கக் கூடாதா?" என்றேன்.

"கை படணும் கண்ணு. கரண்டி போட்டா மாவு செத்துப் போவும். என் கையி ராசி. இந்தத் தெருவுல எவள வேணா கேளு."

என் வாயில் அடுத்த கேள்வி தானாக வந்தது. "உங்களுக்கு எப்பவாவது டைபாய்டு வந்திருக்கா?"

"பொங்கலப்போ வந்துச்சு. இருவது நாளு படுத்துகினேன். மாத்திர துன்னேன், பூட்ச்சு. இப்ப கல்லாட்டம் கீறேன். நானும்தான் நாக்குல வச்சுப் பாக்கறேன், எனக்கு இன்னா ஆச்சு சொல்லு?"

ஒன்றும் ஆகாது. அதுதான் கொடுமை. காய்ச்சல் போன பிறகும் சிலர் உடம்பில் அந்தக் கிருமி சத்தமில்லாமல் தங்கிவிடும். அவர்களை ஒன்றும் செய்யாது. குடலிலிருந்து கைக்கும், கையிலிருந்து மாவுக்கும் போகும். அன்று அதை அவரிடம் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. கலக்கி முடித்த ட்ரம்மிலிருந்து, புளிக்கும் முன்பே, சுத்தமான டப்பாவில் மாவு வாங்கி ஐஸ் வைத்து எடுத்துப் போனேன். லேப் வரவேற்பறையில் படிவம் நிரப்பினேன். வாடிக்கையாளர் பெயர்: சுரேகா. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாதிரி எண் 452.

இந்த முறை கூட்டத்தை அடக்கி வைக்கும் மருந்து கலந்த சத்து நீரில் வளர்த்தேன். நீர்க்கச் செய்து மூன்று குழாயில் ஓட்டினேன். பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கன்ட்ரோல் இருபத்தெட்டாம் சுற்றில் ஒளிர்ந்தது. டைபாய்டுக் கிருமி முப்பத்தொன்றாம் சுற்றில், மூன்று குழாயிலும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டிலும் வளர்ந்திருந்தது.

அரவிந்தனிடம் தாளை நீட்டினேன். படித்தார். தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"இது 452. 417 வேற சாம்பிள்மா. அதுல இல்லைன்னா இல்லைதான்."

"அதுல இல்லைன்னு நமக்குத் தெரியாது சார். தெரியாததத்தான் தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுத்தோம்."

"நாம இல்ல. கையெழுத்து உங்களுது."

மூன்றாம் கடிதத்தை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். அனுமதி எல்லாம் கேட்கவில்லை. 417இல் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி, காரணம் ஆறு வரி, நகல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு. "இதுக்கப்புறம் திங்கக்கிழமை வர்றதப் பத்தி யோசிச்சுக்கோங்க" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன்.

சனிக்கிழமை காலை சாமுண்டீஸ்வரியிடம் சொன்னேன். உட்காரவைத்து, மெதுவாக, உங்கள் தப்பு இல்லை என்று தொடங்கித்தான் சொன்னேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்.

"என் கையா? என் கைய சொல்றியா? மொதல்ல இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு? நானு நிறுத்திட்டேன்ல, ஒரு வாரம் மிஷினத் தொடலயே! நீ இல்லன்னு சொன்னப்புறம்தான மறுநாளே கைய வுட்டேன்? என் கை கெட்ட கையின்னா உன் கை இன்னா கையி?"

பத்து நாளாக மாமா மேலும் அரவிந்தன் மேலும் வைத்திருந்த கோபம் முழுக்க ஒரு நொடியில் திரும்பி என் மேல் பாய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கிரைண்டர் சுவிட்சை அணைத்தார். "ஆஸ்பத்திரிக்கு வரேன். இன்னா டெஸ்டு வோணுமோ எடுத்துக்க. ஆனா ஒண்ணு. அவங்க அல்லாரும் என்னத்தான் கிழிப்பாங்க. நீ வந்து எம் பக்கத்துல நின்னு, நான்தான் தப்பா எழுதினேன்னு மொதல்ல சொல்லணும். என்ன மட்டும் தனியா நிக்க வுடாத."

பதினான்காம் தேதி, ஞாயிறு, காலை பத்து மணி, சங்கக் கூட்டம். குடியிருப்பின் தரைத்தளத்தில், வண்டிகளை நகர்த்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர். எங்கள் இருவரையும் பார்த்ததும் மாமா வேகமாக வந்தார்.

"உள்ள ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசிக்கலாம் சுரேகா. நம்ம குடும்ப விஷயம் இது."

"உங்க வீட்ல இருக்கறது குடும்ப விஷயம் மாமா. மத்த ஆறு வீட்டுக்கு நீங்க யாரு?"

"உன் அக்காவுக்காகத்தான் நான் இவ்ளோ..."

"அக்கா பொய் சொல்றான்னு சொன்னீங்க. பானிபூரின்னு சொன்னீங்க. தள்ளுங்க."

மைக் இல்லை. உரக்கவே சொன்னேன். தேதி வரிசையாக: எந்தத் தேதி மாவு வந்தது, அந்த மாவு எப்படிப்பட்டது, ஏன் அதில் கண்டுபிடிக்க முடியாது, எனக்கு அது தெரிந்தும் எந்தத் தேதி கையெழுத்திட்டேன். பிறகு 452இன் முடிவு. உப்பு. கை. கடைசியில், அந்தம்மா இன்று காலையே ரத்தமும் மலமும் சோதனைக்குக் கொடுத்துவிட்டார், குணமாகும்வரை கொட்டகை திறக்காது என்றேன்.

நான் நினைத்தபடியே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "இந்தம்மா மேல போலீஸ்ல..."

"அவங்களத் திட்டறதுக்கு முன்னாடி என்னத் திட்டுங்க" என்றேன். "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"உன்ன மட்டும் யாரும்மா திட்டாம விடப்போறா?" என்றார் இன்னொருவர். ஒரே கூச்சல். உப்புப் பார்த்த பெண்கள் ஒரு பக்கம் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். பானிபூரி வண்டி கேட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, இத்தனை நாள் வராத காய்ச்சல் இப்போது மட்டும் அதனால் வருமா என்று ஒருத்தி அவர் சட்டைக்கு நேராகக் கை நீட்டினாள். சாமுண்டீஸ்வரி என் முழங்கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள், ஜூன் மாத வெயிலில். உதடு வெடித்திருந்தது. மூன்றாவது மாடி, பெயர் ரோஷினி என்றாள். என் ஏழு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"ரிப்போர்ட் குரூப்புல வந்த தேதி என்ன சொன்னீங்க?"

"ஜூன் ரெண்டு."

"எனக்கு வெள்ளிக்கிழமைல இருந்து காய்ச்சல்." விரல் விட்டு எண்ணினாள். "மூணாந்தேதி சாயங்காலம் மாவு வாங்கினேன். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் மாவு வரல, திரும்ப வந்தாலும் வாங்கக் கூடாதுன்னு இருந்தேன், பயந்துகிட்டு. குரூப்புல உங்க ரிப்போர்ட் வந்துச்சு. மண்ணூர்பேட்டைல பெரிய லேப்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நான் அதை முழுசாப் படிச்சேன் மேடம். கீழே கையெழுத்து இருக்கான்னுகூடப் பாத்தேன்."

"இருந்துச்சு" என்றேன்.

அவளை உட்காரவைக்க நாற்காலி தேடினேன். ஒன்றும் காலியாக இல்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டேன். வரும்வரை அவள் சுவரில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் நின்றிருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன்.